வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து போட்டும் கோழி விழுகிறதா? கம்போரோ தடுப்பில் எந்த வழியைத் தேர்வது

"மருந்தெல்லாம் தேதி தவறாமல் போட்டேன், அப்புறமும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது." நாமக்கல், பல்லடம் பக்கம் கோழி வளர்ப்பவர்களிடம் பேசினால் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ராணிக்கெட் என்றும் சொல்லும் நோய்தான் இந்த வெள்ளைக்கழிச்சல். முதல் வாரத்தில் சொட்டு மருந்து, இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கான மருந்து, மூன்றாம் வாரம் தண்ணீரில் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து என்று அட்டவணை சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஐந்தாவது வாரத்தில் குஞ்சுகள் பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகி விழத் தொடங்கும். உடனே சந்தேகம் லசோட்டா பாட்டில் மேல் போகும். குளிர்ச்சி கெட்ட மருந்தோ, கம்பெனியை மாற்றலாமோ என்று யோசிப்பார்கள். அடுத்த பேட்ச்சில் இரண்டு தடவை கொடுத்த இடத்தில் மூன்று தடவை கொடுப்பார்கள். பல பண்ணைகளில் அதனால் எதுவும் மாறுவதில்லை.

லசோட்டா வைரஸ் தானாகக் கோழியைக் காப்பாற்றாது. அது உள்ளே போனதும் கோழியின் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க வேண்டும். தயாரிக்கிற உறுப்பே முதல் மூன்று வாரத்தில் சத்தமில்லாமல் அழிந்திருந்தால், எத்தனை டோஸ் கொடுத்தாலும் பதில் வராது. அந்த உறுப்பின் பெயர் பர்சா. அதை அழிப்பதில் முதலிடம் கம்போரோ வைரஸுக்கு. அதனால் வெள்ளைக்கழிச்சல் திரும்பத் திரும்ப வருகிற பண்ணையில் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது கம்போரோ தடுப்பு முறையை என்பது என் உறுதியான கருத்து. சந்தையில் அதற்கு நாலு வகை வழி இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பர்சாவைப் பற்றி

எச்சத்துவாரத்துக்கு மேல்பக்கம், குடலின் கடைசியில் ஒட்டியிருக்கும் சின்னப் பை இது. 1621-லேயே இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபாப்ரிசியஸின் நூலில் வந்துவிட்டது என்றாலும் முந்நூறு ஆண்டுக்கு மேல் இதன் வேலை என்ன என்று யாருக்கும் தெரியாது. 1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் குஞ்சுகளின் பர்சாவை வெட்டி எடுத்துவிட்டு வளர்த்துவந்தார். அவருடைய நண்பர் சாங் வகுப்பில் செய்து காட்டுவதற்காக அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கி, சால்மொனெல்லா கிருமியைச் செலுத்தினார். எதிர்ப்புப் பொருள் உருவாவதை மாணவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம். பர்சா இல்லாத கோழிகளில் எதிர்ப்புப் பொருளே உருவாகவில்லை. 1956-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மனித நோய் எதிர்ப்பு அறிவியலுக்கே திருப்பம் தந்த கண்டுபிடிப்பு அது.

பண்ணைக்கு வருவோம். பர்சா ஒரு நாற்றங்கால். எதிர்ப்புப் பொருள் செய்கிற பி செல்கள் அங்கே வளர்ந்து, பொரிப்பதற்குச் சற்று முன்பிருந்து முதல் சில வாரங்கள் வரை மண்ணீரலுக்கும் மற்ற இடங்களுக்கும் பறித்து நடப்படுகின்றன. நடவு முடிந்த பிறகு நாற்றங்கால் காய்ந்தால் நஷ்டம் குறைவு. நடவுக்கு முன்பே காய்ந்தால் அந்தப் போகமே போச்சு. கம்போரோ எந்த வயதில் தாக்கியது என்பதுதான் கோழியின் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தாக்கினால் கண்ணுக்குத் தெரியும்: திடீர்ச் சாவு, தொடையிலும் மார்பிலும் ரத்தக் கசிவு, முன்இரைப்பையும் அரைவைப்பையும் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு. மூன்றாம் நாள் வாக்கில் பர்சா இரண்டு மடங்காக வீங்கி, மேலே மஞ்சள் கூழ் பூசியது போல் இருக்கும். எட்டாம் நாளுக்குள் அதே பர்சா பழைய எடையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சாவு ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்பே தாக்கினால் எதுவுமே தெரியாது. குஞ்சு சாகாது, தீவனம் தின்னும், நடமாடும். பர்சா மட்டும் உள்ளே தீய்ந்திருக்கும். வைரஸ் தேடிப் பிடித்துக் கொல்வது வளர்ந்துகொண்டிருக்கும் பி செல்களைத்தான். இப்படி முன்கூட்டியே கம்போரோ தொற்றிய குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து சரியாகப் பிடிப்பதில்லை என்று ஆலன், ஃபாராகர், கல்லன் ஆகிய ஆய்வாளர்கள் 1972-லேயே காட்டிவிட்டார்கள். ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் நம் பக்கத்தில் லசோட்டா டோஸைக் கூட்டுவதுதான் முதல் வைத்தியமாக இருப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

நோய்க்குப் பெயர் கொடுத்த கம்போரோ அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள ஊர். 1962-ல் காஸ்குரோவ் என்ற ஆய்வாளர் இதைத் தனி நோயாக விவரித்தார். 1980-களின் கடைசியில் ஐரோப்பாவில் மிகக் கொடிய வகை கிளம்பியது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் ஓரளவு இருக்கும்போதே உடைத்து உள்ளே போகும் வகை அது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இன்று நாம் சண்டை போடுவது இதனோடுதான்.

மருந்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியது

எல்லா எதிர்ப்புச் சக்திக் குறைவுக்கும் கம்போரோ காரணம் இல்லை. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் குஞ்சுகள் வெளிறி, எலும்பு மஜ்ஜை மஞ்சளாக இருந்து, இறக்கை நுனி நீலம் பாய்ந்து அழுகினால் அது கோழி ரத்தச்சோகை வைரஸாக இருக்கலாம். ஜப்பானில் 1979-ல் பிரித்தெடுக்கப்பட்ட இந்த வைரஸ் தைமஸ் என்ற கழுத்துச் சுரப்பியையும் எலும்பு மஜ்ஜையையும் அடிக்கிறது, முட்டை வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. இதற்கு உங்கள் பண்ணையில் செய்ய அதிகம் இல்லை. தாய்க்கோழிப் பண்ணையில் முட்டையிடும் முன் தடுப்பு போட்டிருக்கிறார்களா என்று குஞ்சு தருகிறவரிடம் கேட்பதுதான் வழி. கம்போரோவும் இதுவும் சேர்ந்து வந்தால் பாதிப்பு பெருகும். சாதாரணமாக இரண்டு வாரம் தாண்டிய குஞ்சு ரத்தச்சோகை வைரஸைத் தாங்கிவிடும், பர்சா போன குஞ்சு தாங்காது.

இன்னொன்று தீவனம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரமாக வந்த மக்காச்சோளமும் பூசணம் ஏறிய கடலைப் பிண்ணாக்கும் அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சைக் கொண்டுவரும். அதுவும் பர்சாவையும் தைமஸையும் சுருக்கும். தீவனத்தைச் சோதிக்காமல் விலை உயர்ந்த தடுப்பு மருந்துக்குப் போவது வீண் செலவு.

சரி, கம்போரோதான் என்று எப்படி உறுதி செய்வது? இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வாரங்களில் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு குஞ்சுகளைத் திறந்து பர்சாவையும் மண்ணீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செத்த குஞ்சை மட்டும் பார்த்தால் போதாது, ஓடியாடுகிற குஞ்சும் வேண்டும். நான்கு வாரம் வரை ஆரோக்கியமான குஞ்சில் பர்சா மண்ணீரலை விடப் பெரிதாகவோ, குறைந்தது சமமாகவோ இருக்க வேண்டும். பதினைந்து இருபது நாளிலேயே பர்சா மண்ணீரலை விடச் சின்னதாகிவிட்டது என்றால், அந்த பேட்ச்சில் லசோட்டா எப்படிப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? கூடவே பர்சாவை ஃபார்மலினில் போட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பினால் எந்த அளவு அழிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாச் சிக்கலுக்கும் வேர் தாயின் எதிர்ப்புப் பொருள்

நாலு வழிகளையும் ஒப்பிட இந்த ஒரு கணக்கு புரிய வேண்டும். தாய்க்கோழிக்கு முட்டைப் பருவத்துக்கு முன் வைரஸைக் கொன்று எண்ணெயில் கலந்த தடுப்பு ஊசி போட்டிருப்பார்கள். அதன் எதிர்ப்புப் பொருள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வரும். முதல் இரண்டு மூன்று வாரம் காப்பது அதுதான். ஆனால் அது நாம் கொடுக்கும் உயிருள்ள தடுப்பு வைரஸையும் சேர்த்துக் கொன்றுவிடும். சீக்கிரம் கொடுத்தால் மருந்து வீண். தாமதமாகக் கொடுத்தால் பண்ணையில் இருக்கும் வைரஸ் முந்திக்கொள்ளும்.

நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சூத்திரம் இந்த நாளைக் கணக்கிட உதவுகிறது. கறிக்கோழிக் குஞ்சில் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகும். முட்டைக்கோழிக் குஞ்சில் ஐந்தரை நாளுக்கு ஒருமுறை. கறிக்கோழி வேகமாக வளர்வதால் அதன் ரத்தத்தில் இது சீக்கிரம் நீர்த்துப்போகிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று எலைசா சோதனை காட்டும் எண்ணுக்கு டைட்டர் என்று பெயர். நடுத்தர வலிமையுள்ள இன்டர்மீடியேட் மருந்து பிடிக்க அது 125 வாக்கில் இறங்க வேண்டும். வலிமை கூடிய இன்டர்மீடியேட் பிளஸ் மருந்துக்கு 500 போதும். சோதனைக் கிட்டுக்குக் கிட் எண் மாறும், அதனால் உங்கள் ஆய்வகம் எந்தக் கிட்டில் பார்த்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு நாள் வயதில் 4000 டைட்டர் இருக்கும் முட்டைக்கோழிக் குஞ்சை எடுத்துக்கொள்வோம். 125-க்கு இறங்க ஐந்து முறை பாதியாக வேண்டும்: இருபத்தேழரை நாள். முதல் சில நாளில் டைட்டர் குறையாது என்பதற்காகச் சூத்திரம் சேர்க்கும் நாட்களையும் கூட்டினால் 31, 32-ஆம் நாள். அதே பேட்ச்சில் 1000 டைட்டரோடு வந்த குஞ்சுக்கு மூன்று முறை பாதியானால் போதும்: 20, 21-ஆம் நாள். ஒரே செட்டில் (கொட்டகையில்), ஒரே நாளில் வந்த இரண்டு குஞ்சுகளுக்கு நடுவே பதினொரு நாள் வித்தியாசம்! 14-ஆம் நாள் கொடுத்தால் இரண்டுக்கும் பிடிக்காது. 21-ஆம் நாள் கொடுத்தால் ஒன்றுக்குப் பிடிக்கும், இன்னொன்று காலி. கறிக்கோழியில் இதே கணக்கு 13-ஆம் நாளும் 19-ஆம் நாளும் என்று வரும். அங்கே இடைவெளி ஆறு நாள்தான்.

பல தாய்ப் பண்ணைகளின் முட்டையைக் கலந்து பொரித்த குஞ்சு என்றால் இந்தச் சிதறல் இன்னும் கூடும். "பக்கத்துப் பண்ணைக்காரர் 12-ஆம் நாள் கொடுக்கிறார், நானும் கொடுக்கிறேன்" என்பது ஏன் வேலை செய்யாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

முதல் வழி: இன்டர்மீடியேட் மருந்து, டைட்டர் பார்த்து

ஜார்ஜியா, டி78 போன்ற ஸ்ட்ரெய்ன்கள் (வைரஸ் ரகங்கள்) இந்த வகை. விலை மிகக் குறைவு, ஒரு டோஸ் பைசாக் கணக்கில்தான் வரும். பர்சாவுக்குச் செய்யும் சேதமும் சிறியது. பெரிய பலவீனம், தாயின் எதிர்ப்புப் பொருள் நன்றாக இறங்கிய பிறகுதான் பிடிக்கும். பண்ணையில் தானாகப் பரவும் கொடிய வைரஸ் (களவைரஸ்) அதற்கு முன்பே நுழையக் கூடியது என்பதால் நடுவில் ஒரு திறந்த வாசல் எப்போதும் இருக்கும்.

இந்த வழியில் போகிறவர் ஒரு நாள் குஞ்சில் இருபது குஞ்சு ரத்தத்தையாவது எலைசா பார்க்க வேண்டும். சிதறல் அதிகம் என்றால் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை கொடுக்க வேண்டும். பார்க்காமல் கொடுப்பது லாட்டரிதான்.

தண்ணீரில் கொடுப்பதிலும் பாதி மருந்து போய்விடுகிறது. குளோரின் கலந்த தண்ணீர் மருந்து வைரஸைக் கெடுத்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் குளோரினை முந்தைய நாளே நிறுத்தி, ஒரு லிட்டருக்கு இரண்டு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, அப்புறம்தான் மருந்து பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கித் திறக்க வேண்டும். விடியற்காலையில், ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தித் தாகம் ஏற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் குடித்து முடிக்கும்படி அளவு போட வேண்டும். நீலச் சாயம் கலந்தால் நல்லது: முடிந்த பிறகு செட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் குஞ்சுகளைப் பிடித்து நாக்கைப் பாருங்கள். கடைசி வரிசை நிப்பிளுக்குப் பக்கத்தில் நாக்கு நீலமாகாத குஞ்சுகள் எத்தனை என்று பார்த்தால், அந்த பேட்ச்சில் தடுப்பு இல்லாதவை எத்தனை என்பதற்கு ஒரு கணிப்பு கிடைத்துவிடும்.

இரண்டாம் வழி: இன்டர்மீடியேட் பிளஸ்

நம் ஊரில் ஹாட் மருந்து என்றும் சொல்வார்கள். 228இ போன்ற ஸ்ட்ரெய்ன்கள் இதில் அடங்கும். 500 டைட்டரிலேயே உடைத்துக்கொண்டு போகும் என்பதால், மேலே சொன்ன 4000 டைட்டர் முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 31-ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டாம், 20, 21-ஆம் நாளிலேயே பிடிக்கும். பண்ணை கம்போரோவால் எரிந்துகொண்டிருக்கும்போது இந்தப் பத்து நாள் பெரிய விஷயம்.

ஆனால் இதுவும் பர்சாவில் வளர்ந்துதான் வேலை செய்கிறது, அங்கே காயம் பண்ணித்தான் போகும். தாயின் எதிர்ப்புப் பொருள் குறைவாக இருக்கும் குஞ்சுக்கு எட்டு, பத்தாம் நாளில் இதைக் கொடுத்தால், களவைரஸ் செய்யும் வேலையில் ஒரு பகுதியை நாமே செய்துவிடுகிறோம். அடுத்த வாரம் கொடுக்கிற லசோட்டாவின் பிடிப்பு குறையும். வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கத்தானே இவ்வளவும் செய்கிறோம்?

"வலுவான மருந்து நல்ல மருந்து" என்ற எண்ணம் நம் பக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. கம்போரோவைப் பொறுத்தவரை அது ஆபத்தான எண்ணம். இந்த வகையை ஒரு பண்ணையில் நோய் வெளிப்படையாக ஆடும்போது மூன்று நாலு பேட்ச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அடங்கியதும் இறங்கிவிட வேண்டும் என்பேன். ஆண்டுக்கணக்காக இதையே பிடித்துக்கொண்டிருக்கும் பண்ணைகளில் சாவு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பர்சா சிறுத்து, ஈகோலை பாக்டீரியாவுக்கான மருந்துச் செலவு கூடி, தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம்) இழுத்துக்கொண்டே போகும். கம்போரோவால் வந்த நஷ்டம் என்று யாரும் கணக்கு எழுதாத நஷ்டம் இது.

மூன்றாம் வழி: இம்யூன் காம்ப்ளக்ஸ்

வைரஸை அதற்கான எதிர்ப்புப் பொருளோடு முன்கூட்டியே கட்டி வைத்த மருந்து. குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியிலேயே, 18-ஆம் நாள் அடைமுட்டைக்குள்ளோ ஒரு நாள் குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியிலோ ஊசியாகப் போடுவார்கள். குஞ்சின் உடம்பில் இது பதுங்கியிருக்கும். தாயின் எதிர்ப்புப் பொருள் இறங்கும்போது வைரஸ் விடுபட்டு பர்சாவில் வளரும். அதாவது 1000 டைட்டர் குஞ்சுக்கு முன்னாலும் 4000 டைட்டர் குஞ்சுக்குப் பின்னாலும், ஒவ்வொன்றுக்கும் அதன் நாளில் பிடிக்கும். சிதறலுக்கு இதைவிட அழகான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. பண்ணையில் தண்ணீர் மருந்து, பால் பவுடர், நீலச் சாயம் எதுவும் வேண்டாம்.

இன்னொரு நன்மை மெதுவாகத் தெரியும். பிடித்த மருந்து வைரஸ் எச்சத்தில் வெளியேறி ஆழ்கூளத்தில் பரவும். பேட்ச் பேட்ச்சாக, களவைரஸ் இருந்த இடத்தை மருந்து வைரஸ் எடுத்துக்கொள்ளும். ஆழ்கூளத்தில் கறிக்கோழி வளர்க்கிற, முழுசாகக் கழுவ முடியாத செட்டுகளுக்கு இது பெரிய உதவி.

குறை: இதில் இருக்கும் வைரஸும் வலுவான வகைதான். பிடித்த பிறகு பர்சா சுருங்கும். நான்காம் ஐந்தாம் வாரத்தில் கோழியை அறுத்துப் பார்த்துவிட்டு "கம்போரோ வந்துவிட்டது" என்று பதறுகிறவர்கள் உண்டு. அது மருந்தின் தடமாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று வாரத்துக்குப் பிறகு நடக்கும் சுருக்கம் என்பதால், நாற்று பறித்து நட்ட பிறகான சேதம்தான், முதல் லசோட்டாவும் அதற்குள் வேலையை முடித்திருக்கும். மூன்றாம் வாரம் கொடுக்கும் இரண்டாவது லசோட்டாவை நாலைந்து நாள் முன்னுக்கு இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. முட்டைக்கோழியில் தாயின் எதிர்ப்புப் பொருள் நீண்ட நாள் நிற்பதால் இந்த மருந்து விடுபடுவதும் தாமதமாகும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

நாலாம் வழி: வெக்டார் மருந்து

கோழிக்குக் கட்டிகளை உண்டாக்கும் மேரக்ஸ் நோய்க்குப் போடும் எச்.வி.டி. என்ற வான்கோழி ஹெர்பிஸ் வைரஸுக்குள் கம்போரோ வைரஸின் வி.பி.2 என்ற புரதத்துக்கான மரபணுவைச் செருகியிருப்பார்கள். குஞ்சின் உடம்பில் எச்.வி.டி. ஆயுள் முழுக்க வாழ்ந்துகொண்டே அந்தப் புரதத்தைத் தயாரித்துக் காட்டிக்கொண்டிருக்கும். உயிருள்ள கம்போரோ வைரஸ் எதுவும் உள்ளே போவதில்லை, அதனால் பர்சாவுக்குச் சேதமே இல்லை. தாயின் எதிர்ப்புப் பொருளும் இதைப் பெரிதாகத் தடுக்காது. வெள்ளைக்கழிச்சல்தான் உங்கள் முதல் கவலை என்றால், நாலு வழியிலும் லசோட்டாவுக்குக் குறுக்கே நிற்காதது இது ஒன்றுதான்.

அப்படியானால் எல்லோரும் இதையே போடலாமே? மூன்று தடை இருக்கிறது.

விலை முதல் தடை. இன்டர்மீடியேட் பைசாக் கணக்கு என்றால் இது ரூபாய்க் கணக்கு. நாற்பது நாளில் விற்கும் கறிக்கோழியில் அது உறுத்தும். எழுபது வாரத்துக்கு மேல் வைத்து முட்டை எடுக்கும் கோழியில் அதே ரூபாய் கண்ணுக்கே தெரியாது.

இரண்டாவது, காப்பு உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் தாயின் எதிர்ப்புப் பொருள் கரைந்துபோன குஞ்சு, வைரஸ் நிறைந்த செட்டில் இறங்கினால் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். தவிர, இந்த மருந்து பர்சாவில் போய் இடம் பிடிப்பதில்லை, களவைரஸைச் செட்டிலிருந்து வெளியேற்றுவதும் இல்லை. கோழி காப்பாற்றப்படும், பண்ணை சுத்தமாகாது. அதைக் கழுவித்தான் சரி செய்ய வேண்டும்.

மூன்றாவது ஹேச்சரியின் கையில் இருக்கிறது. இந்த மருந்து செல்லுக்குள் வாழும் வைரஸ். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். ஆம்பூலை எடுத்ததும் 27 டிகிரித் தண்ணீரில் சட்டென்று உருக்கி, அதற்குரிய திரவத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நைட்ரஜன் குறைந்த கன்டெய்னரில் இருந்த ஆம்பூல், இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்த பை, இரண்டும் பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. குஞ்சுப் பெட்டியில் "வெக்டார் போட்டது" என்று ஒட்டியிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஹேச்சரிக்கு ஒருமுறை நேரில் போய், ஊசி போடும் நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல ஹேச்சரிக்காரர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: எச்.வி.டி. அடிப்படையில் வெள்ளைக்கழிச்சலுக்கும் வெக்டார் இருக்கிறது. இரண்டு வேறு வேறு எச்.வி.டி. வெக்டார்களை ஒரே குஞ்சுக்குப் போட்டால் ஒன்றையொன்று அமுக்கிவிடும். சாதாரண எச்.வி.டி. மேரக்ஸ் மருந்தையும் கூடச் சேர்க்கக் கூடாது. ரிஸ்பென்ஸ் என்ற இன்னொரு மேரக்ஸ் மருந்தைச் சேர்க்கலாம், முட்டைக்கோழிக்குச் சேர்க்கத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் எடுக்க வேண்டிய நிலை வந்தால் நான் கம்போரோ வெக்டாரைத்தான் சொல்வேன், ஏனென்றால் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்தும் கொல்லப்பட்ட ஊசியும் கையில் இருக்கின்றன. பர்சாவைத் தொடாமல் காக்க இது ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு மரபணுவையும் ஒரே வைரஸில் ஏற்றிய மருந்துகளும் வந்திருக்கின்றன. உங்கள் ஹேச்சரியில் கிடைத்தால் தாராளமாகக் கேளுங்கள்.

யாருக்கு எது

நாமக்கல் மாதிரி, பல வயதுக் கோழிகள் ஒரே வளாகத்தில் இருக்கும் முட்டைப் பண்ணைக்கு வெக்டார்தான் என் தேர்வு. முட்டைக்கோழிக் குஞ்சில் தாயின் எதிர்ப்புப் பொருள் மெதுவாக, சிதறலாக இறங்குகிறது. தண்ணீர் மருந்துக்குச் சரியான நாள் என்று ஒன்று அமைவதே கடினம். அதோடு அந்தக் கோழி ஒன்றரை ஆண்டு வாழப்போகிறது, அத்தனை தடுப்பு ஊசிக்கும் பதில் தர வேண்டிய உடம்பு. குஞ்சுக் கொட்டகையில் முன்பு கம்போரோ ஆடியிருந்தால் முதல் இரண்டு மூன்று பேட்ச்சுக்கு வெக்டாரோடு, டைட்டர் பார்த்து ஒரு இன்டர்மீடியேட் டோஸும் கொடுக்கலாம். ஹாட் வேண்டாம்.

சொந்தக் கைக்காசில் கறிக்கோழி வளர்க்கிறவர், தேங்காய் நார்த்தூள் ஆழ்கூளம், பேட்ச்சுக்குப் பேட்ச் இரண்டு வாரம் கூட ஓய்வு இல்லாத செட் என்றால் இம்யூன் காம்ப்ளக்ஸ். அது கிடைக்காவிட்டால், அல்லது சின்ன அளவில் வளர்ப்பதால் ஹேச்சரி போட்டுத் தராவிட்டால், எலைசா பார்த்து இன்டர்மீடியேட் இரண்டு தடவை. எலைசாச் செலவு ஒரு பேட்ச்சுக்குச் சாகிற கொஞ்சம் கோழியின் விலைதான்.

ஒப்பந்தப் பண்ணையாளருக்கு மருந்தைத் தேர்வு செய்யும் உரிமை கிடையாது, கம்பெனி தருவதைத்தான் போட வேண்டும். ஆனால் என்ன மருந்து, எந்த ஸ்ட்ரெய்ன், ஹேச்சரியில் என்ன போட்டு அனுப்பினார்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு எழுதி வைக்கும் உரிமை இருக்கிறது. பர்சாவைத் திறந்து பார்த்துப் படம் எடுத்து வைப்பதற்கும் யாரிடமும் அனுமதி வேண்டாம். நஷ்டம் யார் தலையில் என்ற பேச்சு வரும்போது அந்தப் படங்கள் பேசும்.

எந்த வழியில் போனாலும் கழுவுதலிலிருந்து தப்ப முடியாது. கம்போரோ வைரஸுக்கு மேல் கொழுப்பு உறை இல்லை, அதனால் வெள்ளைக்கழிச்சல் வைரஸைக் கொல்லும் பல மருந்துகள் இதை அசைப்பதில்லை. காலியான செட்டில் 122 நாள் வரை தொற்றும் தன்மையோடு இருந்ததாக 1960-களிலேயே பதிவு உண்டு. எச்சம் ஒட்டிய தரையில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகுதான் ஃபார்மலினோ அயோடினோ. ஆழ்கூளத்தில் ஓடும் கருப்பு வண்டுகளும் வைரஸைச் சுமந்து அடுத்த பேட்ச்சுக்குக் கொடுக்கும், கோழியை விற்பனைக்கு வண்டியில் ஏற்றிய அன்றே, செட் ஆறுவதற்குள் அவற்றுக்கு மருந்து அடித்துவிட வேண்டும். ஆறினால் சுவரிடுக்கில் ஏறிவிடும்.

மாற்றிய பிறகு பலனை எப்படி அறிவது? இன்டர்மீடியேட், ஹாட், இம்யூன் காம்ப்ளக்ஸ் என்றால் பிடித்த மூன்று வாரத்தில் சாதாரண எலைசாவில் டைட்டர் ஏறித் தெரியும். வெக்டாரில் முழு வைரஸ் கிட்டுகள் சரியாகக் காட்டாது, வி.பி.2 கிட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நல்ல மருந்தையும் "ஏறவில்லை" என்று தள்ளிவிடுவீர்கள். அதைவிட நம்பகமான அளவு வேறு இடத்தில் இருக்கிறது: லசோட்டா கொடுத்த இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கான எதிர்ப்புப் பொருளை அளக்கும் எச்.ஐ. சோதனையின் டைட்டர். பழைய பேட்ச்சில் சிலது உயரத்திலும் சிலது தரையிலும் சிதறிக் கிடந்த எண்கள், புது முறையில் உயர்ந்தும் நெருங்கியும் வந்தால் பர்சா பிழைத்திருக்கிறது. ஒரு பேட்ச்சைப் பார்த்து முடிவு கட்டாமல், அதே செட்டில் அடுத்தடுத்து மூன்று பேட்ச்சின் எச்.ஐ. எண்களையும் பர்சா-மண்ணீரல் படங்களையும் ஒரே நோட்டில் ஒட்டி வைத்து, அதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் கால்நடை மருத்துவரிடம் உட்காருங்கள்.